பால் மாவும் இரவு விழிப்பும்



உதகமண்டலத்திலிருந்து கல்லட்டி மலைச்சரிவின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி, மசினகுடியைத் தாண்டிச் சென்றால், மாயாற்றின் கரையில் தெப்பக்காடு என்னும் சிற்றூர் வரும். முதுமலைக் காட்டின் நடுவே உள்ள அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது அங்குள்ள யானைகள் முகாம். ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்து யானைகளின் வாயில் ஊட்டும் வேளையில் அங்கே வேடிக்கை பார்க்கப் பலர் கூடுவர். நானும் அக்கூட்டத்தில் நின்றதுண்டு. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பெரிய கவளங்களைப் பற்றியன்று. வேடிக்கை பார்க்க ஒருவரும் இல்லாத நள்ளிரவில், அதே முகாமில், விளக்கொளியில் பால் மாவைக் கரைத்துப் புட்டியில் ஊற்றும் வேலையைப் பற்றியே பேசப் போகிறேன்.

தாயை இழந்த யானைக் கன்றுகள் அவ்வப்போது தெப்பக்காட்டிற்கு வந்து சேருகின்றன. 2017-ஆம் ஆண்டில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ரகு, 2019-இல் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்த பொம்மி ஆகிய இரு கன்றுகளையும், காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பொம்மனும் அவர் மனைவி பெள்ளியும் வளர்த்தார்கள். அவர்களைப் பற்றிய குறும்படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதும், அதே ஆண்டில் அரசு பெள்ளியை அம்முகாமின் முதல் பெண் காவடியாக நியமித்ததும் செய்தித்தாள் படிக்கும் உங்களுக்குத் தெரிந்தவையே. அக்கதையில் அடங்கியிருக்கும் பாலின் கதைதான் அதிகம் பேசப்படவில்லை.

அங்கே கன்றுக்குக் கரைக்கும் பால் மாவு, பெரும்பாலும் நம் ஊர் மருந்துக் கடையில் கைக்குழந்தைக்காக வாங்கும் பால் மாவேதான். இதைக் கேட்டவுடன் வியப்பாக இருக்கலாம். பிறக்கும்போதே ஏறக்குறைய 100 கிலோ எடை கொண்ட ஓர் உயிருக்கும், மூன்று கிலோ எடையுள்ள நம் வீட்டுக் குழந்தைக்கும் ஒரே டப்பாவா? ஆயினும் யானைக்கும் மனிதருக்கும் இவ்விஷயத்தில் சில ஒற்றுமைகள் உண்டு. பசுவுக்கு மடி பின்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. பெண் யானைக்கோ இரண்டே முலைகள், அவையும் முன்னங்கால்களுக்கு இடையில், மார்பில். கன்று துதிக்கையைத் தூக்கி ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு வாயாலேயே பால் குடிக்கும். துதிக்கையால் உறிஞ்சிக் குடிக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் இன்னும் பலர் உளர்.

பசும்பாலையே கொடுத்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. கென்யா நாட்டின் சாவோ வனத்தில் டாப்னே ஷெல்ட்ரிக் என்னும் அம்மையார் இதே கேள்வியோடு பல்லாண்டுகள் போராடினார். பசும்பாலின் கொழுப்பு யானைக் கன்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதைக் கன்று கன்றாக இழந்தே அவர் அறிய வேண்டியிருந்தது. இறுதியில், தேங்காய் எண்ணெய் சேர்ந்த ஒரு கைக்குழந்தைப் பால் மாவு அவருக்கு வழி காட்டிற்று. 1974-இல் ஆயிஷா என்ற பச்சிளங் கன்று அந்தப் பாலில் தேறி வளர்ந்தது. ஆனால் சில மாதங்களுக்குப் பின், மகளின் திருமணத்திற்காக அம்மையார் சில நாள் ஊர் சென்றிருந்தபோது, அக்கன்று உணவை வெறுத்து மெலிந்து இறந்துபோயிற்று. பால் சரியாக இருந்தும் ஊட்டும் கை மாறியதைக் கன்று தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவருடைய இல்லத்தில் காவலர்கள் பலர் முறை வைத்துக்கொண்டு கன்றுகளின் பக்கத்திலேயே இரவில் படுத்து, மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து புட்டி கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு கம்பளியைத் தாயின் விலாப்புறம் போலத் தொங்கவிட்டு, அதில் துதிக்கையைச் சாய்த்தபடி கன்று குடிக்கச் செய்வதும் அங்கே கண்ட உபாயமே. அம்மையார் 2018-இல் காலமானார்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் எல்லாக் கன்றுகளும் பிழைப்பதில்லை. 2023 மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த ஒரு குட்டி மீட்கப்பட்டது. அதைக் கூட்டத்தோடு சேர்க்கும் முயற்சி பலிக்கவில்லை. தெப்பக்காட்டிற்குக் கொண்டுவந்து பொம்மனின் பொறுப்பில் வைத்தார்கள். செரிமானக் கோளாறும் வயிற்றுப்போக்கும் கண்டு, அம்மாத இறுதிக்குள்ளேயே அது இறந்துவிட்டது. தாய்ப்பாலைப் பிரிந்த ஒரு சிற்றுயிரின் குடல் எத்தனை நொய்மையானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் உடம்பின் நீரெல்லாம் வற்றிவிடும். யானைக் கன்றானாலும் மனிதக் குழந்தையானாலும் வயிற்றுப்போக்கு அஞ்சத்தக்கது இதனால்தான்.

தாய்ப்பாலில் வேண்டிய சத்து வேண்டிய அளவில் இருக்கிறது. கொதிக்க வைக்க வேண்டாம், ஆற்ற வேண்டாம், அளக்க வேண்டாம். தாய் பெற்ற நோய்த் தடுப்பாற்றலும் அதனோடு வந்துவிடுகிறது. யானையின் பாலில் கன்று வளர வளரக் கொழுப்புக் கூடுகிறது. காலத்திற்கேற்ப மாறும் அந்தப் பாலை எந்த டப்பாவிலும் அடைக்க இயலாது. மனிதத் தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 சதவீதம். பசும்பாலிலோ 3 சதவீதத்திற்கும் மேல். கன்றுக்குட்டி விரைவில் எழுந்து ஓடி வளர வேண்டும். நம் குழந்தைக்கு அந்த அவசரம் இல்லை. புரதத்தையும் உப்புக்களையும் குறைத்து, கொழுப்பை மாற்றி, பசும்பாலைக் குழந்தைக்கு ஏற்றதாகத் திருத்தும் முயற்சியே பால் மாவு. 1860-களில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் என்பவரும், சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே என்பவரும் தொடங்கிவைத்த வேலை இது.

தாய் இறந்துபோன குழந்தைக்கும், நோயினால் பாலூட்ட இயலாத தாயின் குழந்தைக்கும் பால் மாவு உயிர் கொடுத்திருக்கிறது. ஆனால் வியாபாரம் அங்கேயே நிற்கவில்லை. தாய்ப்பால் தாராளமாக உள்ள ஏழை நாடுகளிலும் விளம்பரத்தின் வழியே பால் மாவு புகுந்தது. விலை கட்டாமல் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமானதன்று. குழந்தைகள் பல மடிந்தன. 1970-களில் இதற்கு எதிராகப் பெருங்குரல் எழுந்து, 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் விற்பனை நெறிமுறைகளை வகுத்தது. இந்தியாவில் 1992-இல் சட்டமே வந்தது. நீங்கள் கடைக்குச் சென்றால் ஒரு பால் மாவு டப்பாவை எடுத்துப் பாருங்கள். கொழுகொழுவென்ற குழந்தையின் படம் அதில் இராது. அச்சட்டம் அதைத் தடுக்கிறது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகத்தை மட்டும் பெரிய எழுத்தில் காண்பீர்கள். தன் சரக்கைவிட வேறொன்று மேலானது என்று தன் மேலேயே அச்சிட்டுக்கொண்டு விற்பனைக்கு வரும் பண்டங்கள் உலகில் மிகச் சிலவே!

சரி, வேறு வழியின்றிப் புட்டிப்பால் கொடுக்க நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் இரவு நேரத்துப் புட்டியை உங்களில் ஒருவரே கரைக்கும்படியும் நேரலாம். முதலில் அறிய வேண்டியது இது: டப்பாவில் உள்ள மாவு கிருமியற்றதன்று. ஆலையில் எவ்வளவு தூய்மை பேணினாலும், உலர்ந்த மாவில் சில கிருமிகள் உறங்கிக் கிடக்கக்கூடும். குரோனோபேக்டர் என்பது அவற்றுள் கொடியது. அரிதாகவே தாக்கும், ஆனால் இரண்டு மாதம் நிரம்பாத குழந்தையையும் குறைமாதக் குழந்தையையும் தாக்கினால் மூளை வரை சென்று உயிரைக் குடிக்கும். 2022-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆலையில் இக்கிருமி காணப்பட்டு, ஆலை மூடப்பட்டு, நாடெங்கும் பால் மாவுக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது.

ஆதலால் தண்ணீரைக் கொதிக்க வைப்பது தண்ணீருக்காக மட்டும் அன்று, மாவுக்காகவும்தான். நன்றாகக் கொதித்த நீர் 70 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஆறிவிடுமுன் அதில் மாவைக் கரைக்க வேண்டும் என்று 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வழி வகுத்தது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கினால், அரை மணி நேரத்திற்குள் கரைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் உறங்கும் கிருமியைத் தட்டி எழுப்பிச் சோறு போட்டது போலாகும்.

இங்கே நீலகிரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்று படித்திருப்பீர்கள். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். கிருமிகளைக் கொல்ல அந்த வெப்பமும் போதும். ஆனால் சமவெளியில் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதுமானது, 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். குளிர்ந்த ஊரில் பாத்திரம் விரைவில் ஆறிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

இரவின் ஆபத்துக்குக் காரணம் சோர்வு. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பசித்து அழும். ஒவ்வொரு முறையும் எழுந்து அடுப்பு மூட்டச் சலித்து, மாலையிலேயே நான்கு புட்டி கரைத்து வைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பான பாலில் ஒரு கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகுகிறது என்று கொண்டால், ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை பெருகி 4,096 ஆகிவிடும். மாலை ஏழு மணிப் புட்டியை நள்ளிரவு ஒரு மணிக்குக் கொடுப்பவர் இதைத்தான் கொடுக்கிறார்.

இதற்கு எளிய வழி உண்டு. இரவில் படுக்குமுன், கொதிக்கும் நீரை நல்ல பிளாஸ்கில் ஊற்றி மூடி வையுங்கள். அளந்த மாவைச் சுத்தமான உலர்ந்த டப்பாக்களில் வேளைக்கு ஒன்றாகத் தனியே வையுங்கள். குழந்தை விழித்தபின், கையை சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்கு நீரில் மாவைக் கரைத்து, மூடிய புட்டியைக் குழாய் நீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் கொடுக்கலாம். பிளாஸ்கு நீர் சூடு குறைந்துவிட்டதென்று தோன்றினால் மறுபடியும் கொதிக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரைத்த பாலை முன்கூட்டியே வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால், உடனே ஆற்றிக் குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு மேல் கூடாது.

அளவைப் பற்றி வீடுகளில் தாராளமாகக் கருத்து வேறுபாடு உண்டு. 'கெட்டியாகக் கரைத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும்' என்பார் ஒருவர். 'நீர்த்துக் கொடு, சளி பிடிக்காது' என்பார் இன்னொருவர். இருவர் சொல்லும் கொள்ளத்தக்கதன்று. கெட்டியான பால் சிறுநீரகத்தை வருத்தும். நீர்த்த பால் குழந்தையைப் பட்டினி போடும். டப்பாவோடு வரும் கரண்டியைத் தலைதட்டி, அதில் எழுதியபடியே கலக்க வேண்டும்.

புட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் கழுத்திலும் நிப்பிளின் மடிப்பிலும் பால் ஆடை ஒட்டிக்கொள்ளும். தூரிகை விட்டுச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு எல்லா உறுப்புகளும் மூழ்கும்படி நீரில் இட்டுக் கொதிக்க வைத்தாலன்றிச் சுத்தமாகாது. நம் பாட்டிமாரின் பாலாடை இவ்விஷயத்தில் புட்டியை வென்றுவிடுகிறது. ஒளிந்துகொள்ள மூலை முடுக்கு அதில் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையால் ஊட்டும்படி நம் மருத்துவமனைகளிலும் சொல்லித் தருகிறார்கள். எதனால் ஊட்டினாலும், குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, விழித்திருந்து ஊட்ட வேண்டும். தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெப்பக்காட்டிலும் கன்று இருமாமல் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

கரைத்து இரண்டு மணி நேரம் கடந்த பாலையும், குழந்தை வாய் வைத்து மீதம் விட்ட பாலையும் கீழே கொட்டிவிட வேண்டும். டப்பாவின் விலையை அறிந்த வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டு மனம் வருந்துவார்கள். அவர்களிடம் அந்த 4,096 கணக்கைச் சொல்லுங்கள்.