பிரசார அமைச்சர் எஸ். ஏ. ஐயர்



பிரசார அதிகாரி என்றதும் உலகம் கோயபல்ஸைத்தான் நினைக்கும். கெட்டவன் பொய் சொன்னான் என்பதில் நாம் ஆராய அதிகம் இல்லை. நேர்மையான ஒரு மனிதர், நேசித்த ஒரு லட்சியத்துக்காக, வேறொருவரின் ராணுவ ஆட்சிக்குள் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு விடை தேட நம் மலாயாவின் வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் பிரசாரத் துறையை ஏற்றிருந்த எஸ். ஏ. ஐயர்.

அவர் பேசிய காலம் எப்படி இருந்தது என்பதை முதலில் நம் மலையிலிருந்தே சொல்கிறேன். 1929இல் ரசல் என்பவர் இங்கே கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த மலையில் தேயிலை வேர்பிடித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன, ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். மலாயாத் தோட்டங்களில் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும், சிற்றலையைத் துண்டிக்க வேண்டும் என்று உத்தரவு. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் தண்டனை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பத்திரிகையை உரக்கப் படித்தால் அதுதான் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு எட்டிய உலகச் செய்தி. அந்தப் பத்திரிகையில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதை ஜப்பானிய ராணுவம் முடிவு செய்தது.

ஐயர் பத்திரிகைக்காரர். ராய்ட்டர் நிறுவனத்தின் செய்தியாளராக 1940 இறுதியில் பாங்காக் வந்தவர். எந்தச் செய்தியானாலும் யார் சொன்னார், நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டுக் கேட்டே பழகிய தொழில் அது. போர் அவரை அங்கேயே மாட்டிவைத்தது. இந்தியச் சுதந்திரச் சங்கத்தில் சேர்ந்தார். அதன் விளம்பரப் பணியை ஏற்றார். 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தபோது அமைச்சரானார். வானொலி, பத்திரிகை, துண்டறிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. கூலி என்றே அழைக்கப்பட்டு வந்த தோட்டத்துத் தமிழனை ஒரு நாட்டின் குடிமகன் என்று மேடையில் விளித்த அரசு அது. நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். இந்த எழுச்சியை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். அந்த நிமிர்வில் ஐயரின் துறைக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த வாரத்தின் இன்னொரு தேதியையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். கேத்தே அரங்கின் அறிவிப்புக்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 17இல், ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் சயாமின் கொன்கொய்த்தாவில் இணைந்தன. 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுபோனார்கள்; பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லிச் சேர்த்தார்கள்; ஆள் போதாதபோது பிடித்து ஏற்றினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஜப்பானியத் தணிக்கையின் கீழ் வந்த எந்த ஏடும் அந்தச் சாவை உள்ளபடி அச்சிட்டிருக்க முடியாது. சுதந்திரம் வருகிறது என்ற செய்தி லயத்துக்கு வந்தது; ரயிலுக்குப் போன அண்ணன் என்ன ஆனான் என்ற செய்தி வரவில்லை. ஒரு பிரசாரத் துறையை எடைபோட அது சொன்னதை மட்டும் படித்தால் போதாது என்று நான் கருதுவது இதனால்தான். எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். வங்கப் பஞ்சத்தை ஆங்கிலேயத் தணிக்கை மூடிவைத்திருந்தது. 1943 ஆகஸ்டில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் படங்களை வெளியிட்ட பிறகுதான் அது உலகின் கண்ணில் பட்டது.

இனி 1945 ஆகஸ்டுக்கு வருகிறேன். ஐயரின் வாழ்க்கையில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி அது.

ஆகஸ்ட் 17, சைகோன் விமான நிலையம். ஜப்பான் சரணடைந்துவிட்டது. புறப்படத் தயாராக நிற்கும் ஜப்பானிய விமானத்தில் இடமில்லை. வாதாடி இரண்டு இருக்கைகள்தான் கிடைத்தன. நேதாஜியோடு ஹபிபுர் ரகுமான் ஏறினார். ஐயர் உள்ளிட்ட மற்றவர்கள் தரையில் நின்றார்கள். மறுநாள் தைவானின் தைஹோக்குவில் விமானம் நொறுங்கியது. பின்னால் வேறொரு விமானத்தில் புறப்பட்ட ஐயரிடம் ஜப்பானிய அதிகாரிகள் மரணச் செய்தியைச் சொன்னார்கள். அப்போது அவருக்குள் விழித்துக்கொண்டவர் பழைய செய்தியாளர். என்னைத் தைஹோக்குவுக்குக் கொண்டுபோங்கள், என் கண்ணால் பார்க்க வேண்டும், வெறும் வாய்ச்சொல்லை எம் மக்கள் நம்பமாட்டார்கள் என்று வற்புறுத்தினார். கொண்டுபோகவில்லை. தோக்கியோவில் இறக்கினார்கள். அங்கே அந்த மரண அறிவிப்பின் வாசகத்தைச் சீராக்கும் வேலை அவர் கைக்கே வந்தது. ஆகஸ்ட் 23இல் ஜப்பானின் தோமேய் செய்தி நிறுவனம் அதை உலகுக்கு அறிவித்தது.

மக்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? இம்பாலில் நேதாஜியின் படை சிதைந்து திரும்பிய காலத்திலும் வெற்றிச் செய்தியே வந்துகொண்டிருந்த வழி அது. அதே வழியில் ஓர் உண்மை வந்தபோது அதுவும் பிரசாரமாகவே பட்டது. நேதாஜி தப்பிவிட்டார், வருவார் என்று நம் தோட்டங்களில் எத்தனையோ பெரியவர்கள் கடைசி மூச்சு வரை சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். ஏமாளிகள் என்று அவர்களை யாரும் சொல்லிவிடக் கூடாது. மூன்றரை ஆண்டுத் தணிக்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை அது.

அந்த ஆண்டின் இறுதியில் தில்லி செங்கோட்டையில் நேதாஜியின் படை அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் ஆங்கிலேயர் தொடுத்த வழக்கு நடந்தது. அவர்களுக்காகப் பூலாபாய் தேசாய் வாதாடிய அந்த வழக்கில் ஐயர் பிரதிவாதித் தரப்புச் சாட்சியாக நின்றார். சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு, தற்காலிக அரசு எப்படி இயங்கியது என்று விளக்கினார். வங்கத்துக்கு 1,00,000 டன் அரிசி அனுப்ப நேதாஜி முன்வந்ததையும் அங்கே எடுத்துச் சொன்னார். சொல்லும் ஒவ்வொன்றையும் மறுகணமே ஒருவர் எழுந்து மறுக்கலாம் என்ற நிலையில் அவர் பேசியது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒலிபெருக்கி அவருக்குத் தராத மதிப்பை அந்தச் சாட்சிக்கூண்டு தந்தது.

பின்னர் பம்பாய் அரசின் விளம்பரத் துறையில் இயக்குநராகப் பணியாற்றினார். 1951இல் நேதாஜியோடு இருந்த நாட்களை நூலாக எழுதினார். 1956இல் நேதாஜியின் மறைவை விசாரிக்க இந்திய அரசு அமைத்த குழுவின் முன்பும் சாட்சி சொன்னார். அதன் தலைவர், செங்கோட்டையில் யாருக்காக அவர் சாட்சி சொன்னாரோ அதே ஷா நவாஸ் கான். விபத்து நடந்தது, நேதாஜி இறந்தார் என்று குழு முடிவு சொன்னது. மூன்று உறுப்பினர்களில் ஒருவர் மட்டும் அதை ஏற்காமல் தனி அறிக்கை எழுதினார். அவர் நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ்.