மழையும் மந்திரமும்

(சுயமரியாதைப் பொதுக்கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



மழை பெய்தால் வருண பகவான் கருணை என்கிறார்கள். பெய்யாவிட்டால் ஜனங்கள் செய்த பாவம் என்கிறார்கள். அளவு மிஞ்சிப் பெய்து வீடுவாசல் மிதந்தால் மட்டும் ஒருவரும் பகவானைக் கணக்குக் கேட்பதில்லை!

2019-ல் அறநிலையத்துறையே கோயில்களில் மழைக்காக யாகம் செய்யும்படி சுற்றறிக்கை விட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டே போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது ரயில் வண்டியே ஒழிய, வருண ஜபமல்ல.

நிற்க. அதே சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிற்று. நாலு வருஷத்திற்குள் ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும் வருவானேன்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்தால் இதற்கு ஒரு காரணம் விளங்கும். தென்சென்னைப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிகுதி நீர் அதில் வந்து தங்கும். ஒக்கியம் மடுவு வழியாக மெள்ளக் கடலுக்குப் போகும். வெள்ளத்தைத் தாங்கியும், கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்தும், அழுக்கை வடிகட்டியும் அது செய்துவந்த ஊழியத்திற்குச் சம்பளமும் இல்லை, தட்சணையும் இல்லை. அதற்கு நாம் காட்டிய நன்றி என்ன? குப்பையைக் கொட்டினோம், மண்ணை நிரப்பி ரோடும் மாடமாளிகையும் எழுப்பினோம். 2022-ல் அதில் 1,247 ஹெக்டேர் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் சேர்ந்தால் மட்டும் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடுமா?

இனி வருவதுதான் பெரிய விஷயம். கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமி, 1850–1900 காலத்தைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 100-க்கு 7 பங்கு அதிக நீராவியைத் தாங்கும். ஆதலால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும்; மற்ற நாளில் வெயில் நிலத்தை உறிஞ்சும். கடல் மட்டமும் உயர்கிறது. உயர உயர, வெள்ளம் வடிவது தாமதப்படும். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும். அதாவது, சதுப்பு நிலத்தின் ஊழியம் முன்னிலும் அதிகமாக வேண்டிய காலத்தில் நாம் அதன் கையைக் காலை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதனால் கஷ்டப்படுகிறவர் யார்? 2015-க்குப் பின் ஆற்றோரக் குடிசைக்காரர்களை, “வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்” என்று கிளப்பி, அச்சதுப்பின் ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். பள்ளத்தில் வாழ்வது அவர்கள் தலைவிதியா? மேட்டிலிருப்பவன் எழுதிய விதியல்லவா அது!

ஆகவே தோழர்களே! யாகத்திற்கென்று வசூலுக்கு வருகிறவரிடம், “நம்மூர் ஏரிக்கு வரத்துக்கால் எங்கே? அதை அடைத்தவன் யார்?” என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் அதையே கேளுங்கள். நெய்யை நெருப்பில் கொட்டும் காசைக் கொண்டு கால்வாயைத் தூர் வாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். அடுத்த மழையில் உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறதென்று நீங்களே பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.