ஈரல் நோய் ஆராய்ச்சியும் நோயாளரும்

(மறிச்சுக்கட்டியில் நிகழ்த்திய பேச்சு)



இக்கரையோரத்தில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலே, குளிப்பை அறிவிக்குமுன் அரசாங்கத்தார் பார்களிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுப்பித்து, அதிற் கிடைத்த முத்தை மதிப்பிடுவது வழக்கம். முத்தில்லாத வெறுஞ் சிப்பியும் அக்கணக்கிற் சேரவேண்டும். அதைக் கடலில் எறிந்துவிட்டு முத்துள்ளதை மட்டும் எண்ணினால், அம்மதிப்பை நம்பி வந்தவன் கடனாளியாவான். வைத்திய ஆராய்ச்சியும் இத்தகையதே என்பதை ஈரற் புற்றுநோயைக் கொண்டு பார்ப்போம்.

இந்நோய்க்கு உலகிலுள்ள பெருங் காரணங்களுள் ஒன்று ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் வைரசு. அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பேர்க் 1960களில் இதன் தடயத்தை இரத்தத்திற் கண்டார். 1976 இல் நோபல் பரிசும் பெற்றார். பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளர் ஒருவருடைய இரத்தத்தைக்கொண்டு சோதித்தபோதே அத்தடயம் முதலில் வெளிப்பட்டது. பரிசளிப்பு மேடையில் அந்நோயாளருக்கு ஆசனம் இருந்ததில்லை!

இவ்வைரசு பலரிடத்தில் எவ்வித நோவுமின்றி ஆண்டுக்கணக்காகத் தங்கியிருக்கும். அவர்களுக்குப் பின்னாளிற் புற்றுநோய் வருமா என்று அறிய விரும்பிய பாமர் பீஸ்லி என்பவர், தாய்வானில் 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்தார். 1981 இல் வெளியான முடிவின்படி, வைரசு உள்ளோருக்கு ஈரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றையோரிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. வைரசு இல்லாத பல்லாயிரம் பேர், 'நமக்கென்ன?' என்று ஒதுங்கியிருந்தால், எதனோடு எதை ஒப்பிட்டிருப்பார்? 1984 இல் அந்நாடு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவரிடையே அப்புற்றுநோய் குறைந்ததென 1997 இல் அறிவிக்கப்பட்டது.

இனிச் சென்னைக்கு வருவோம். செங்கண்மாரி என்றால் கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிலோ மோரிலோ கொடுப்பது நம்மவர் கைமருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் எஸ். பி. தியாகராஜன் இதனை ஏளனஞ் செய்தாரில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினாருமில்லை. வைரசு தங்கியிருந்தோரில் ஒரு சாராருக்கு அம்மூலிகைத் தூளையும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறுந் தூளையும் முப்பது நாள் கொடுத்தார். பிளம்பேர்க்கும் சேர்ந்து 1988 இல் வெளியிட்ட முடிவு இது: மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் தடயம் மறைந்தது, வெறுந் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தமிழ் வைத்தியத்துக்கு இதிலும் பெரிய பெருமை வேண்டுமா?

ஆனால், 37க்கு எதிரே 23 ஏன்? இடையில் வராது நின்றோர் வெறுந் தூள் பெற்ற கூட்டத்திலேயே மிகுதி. வராதவரின் இரத்தம் என்ன சொல்லியிருக்குமென்று எவராலும் கூற முடியாது. தாய்லாந்தில் 1990 இலும், நியூசிலாந்தில் 1994 இலும் வெளியான சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. ஆதலால் கீழ்க்காய்நெல்லியை நம்பி ஆசுபத்திரிக்குப் போகாதிருத்தல் ஆகாது. தியாகராஜன் கேட்ட கேள்வி சிறந்ததே. எனினும் வராதுபோன ஒவ்வொருவரும் அக்கணக்கில் எறியப்பட்ட ஒரு சிப்பி.

வராமைக்குக் காரணம் சோம்பல் மட்டுமென்று நாம் எண்ணவில்லை. பஸ் செலவு உண்டு. ஒரு நாட் கூலி போகும். அதனினும் பெரியது ஊர்வாய். இரத்தத்தில் ஏதோ இருக்கிறதாம் என்ற பேச்சு எழுந்தால் வீட்டுக் குமர்ப் பிள்ளைக்குச் சம்பந்தம் தட்டிப்போகுமென்று தாய்மார் அஞ்சுகிறார்கள். இவ்வைரசு ஒரே கலத்தில் உண்பதாலோ, அருகே இருப்பதாலோ தொற்றுவதன்று. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றுவது. நம் நாட்டிலே 2003 முதல் படிப்படியாகக் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி கொடுக்கப்படுகிறது. நம்மில் மூத்தோர் பலருக்கு அது கிடைத்ததில்லை.

வைரசு இல்லாதவர் மகிழ்ந்திருக்கலாமோ என்றால், அதுவுமில்லை. களனிப் பல்கலைக்கழகத்தார் 2007 இல் றாகமைப் பகுதியில் மூவாயிரம் பேரளவில் அழைத்துச் சோதித்தபோது, ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் குடியினாலன்றியே ஈரலிற் கொழுப்பு படிந்திருந்தது. அதுவும் நாளடைவில் ஈரலைக் கெடுக்கவல்லது. அவர்களையே ஏழாண்டு கழித்து மீண்டும் அழைத்தார்கள்.

அத்தகைய ஆராய்ச்சியாளர் நாளை நம் ஊருக்கும் வரலாம். கைந்நாட்டு வைக்குமுன் நாம் சில கேட்கவேண்டும். எங்கள் இரத்தத்தில் எதைத் தேடுகிறீர்கள்? எங்கள் பெயரை யார் காண்பார்? வெறுந் தூள் எவருக்காவது கொடுப்பீர்களா? முடிவை எங்களுக்குத் தமிழிற் சொல்வீர்களா? மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தாரே. இன்று மட்டும் முடியாதென்று யாரும் சொல்ல நியாயமில்லை. தகுந்த விடை கிடைத்தபின் கையை நீட்டுவோம். இரண்டாம் முறை அழைக்கும்போதும் போவோம். பஸ் செலவு இல்லாதவருக்கு நம் சங்கம் கொடுக்கலாமென்பது எமது பிரேரணை. பொருளாளர் அவர்கள் கவனிப்பாராக.