கம்பும் கல்வியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் சிலம்பத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று சிலர் எண்ணக்கூடும். படிக்கும் பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று கேட்பார்கள். உடல் வேறு, அறிவு வேறு என்று கருதுவதால் எழும் வினா இது. ஆனால் நம்மை அடக்கி வைத்தவர்கள் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. 1930, 1931ஆம் ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் மீது சுமத்தப்பட்ட தடைகளை, 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்று உடலுக்கு விலங்கிட்டவர்களே, பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்று அறிவுக்கும் விலங்கிட்டார்கள். நிமிர்ந்து நடப்பவன் படிப்பான், படித்தவன் நிமிர்ந்து நடப்பான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே விடுதலையும் இரண்டிற்கும் சேர்ந்தே வரவேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் வளர்ந்த இல்லத்தை எண்ணிப் பாருங்கள். 1891ஆம் ஆண்டு மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் அவர் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். இராணுவப் பள்ளியில் ஆசிரியப் பணியும் புரிந்தவர். பயிற்சி பெற்ற உடலும் பண்பட்ட அறிவும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இல்லம் அது.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். காற்றைக் கிழித்துச் சுழலும் கம்பின் ஒலியால் இக்கலை அப்பெயர் பெற்றது என்பர். நல்ல ஆசான் எடுத்த எடுப்பிலேயே கம்பைக் கையில் கொடுத்துவிட மாட்டார். முதலில் காலடி; அதன் பின்னரே கம்பு. முன்வைத்தல், பின்வாங்கல், திரும்புதல் ஆகியவற்றைப் பலநாள் பயின்று கால்கள் உறுதிபெற்ற பின்பு, நெற்றி உயரமுள்ள மூங்கில் கம்பு கைக்கு வரும். தொடையும் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் ஒருங்கே உழைக்கின்றன. வலக்கையைப் போலவே இடக்கையும் பழகுகிறது. மூச்சு நீள்கிறது. காவலர் தேர்வுக்குச் செல்லும் இளைஞன் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். மூச்சை இழுக்கையில் அவன் மார்பு 5 செ.மீ. விரிய வேண்டும். விளம்பரம் வந்த பிறகு ஓடத் தொடங்குபவனுக்கு இவை கடினம். சிறுவயது முதல் களத்தில் நின்றவன் ஓட்டத்தையும் சேர்த்துப் பழகினால், இவற்றை அஞ்ச வேண்டியதில்லை.

உள்ளத்துக்குக் கிட்டும் பயன் இன்னும் பெரிது. கம்பு சுழலும்போது கவனம் ஒரு கணம் சிதறினால், தன் கம்பே தன் முழங்காலைப் பதம் பார்க்கும். கணக்குப் பாடத்தில் ஒரு வரியை விட்டால் விடை பிழையாவதும் இத்தகையதே. எதிராளியுடன் மோதும்போது அடி வரும் திசையைக் கண் காண வேண்டும். அடிபட்டாலும் நிதானம் குலையலாகாது. சினம் கொண்டவனுடைய காலடி தவறும். காலடி தவறியவன் தோற்பான். அஞ்சாமையும் அடக்கமும் ஒருங்கே வாய்க்கும் கலை இது.

இளைஞர்களே, இங்கேதான் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருவிழாவிலும் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் உங்களைச் சீண்டுவோர் இருக்கிறார்கள். நீங்கள் கை ஓங்க வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். கை ஓங்கினால் வழக்கு வரும். எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் வென்றவன்கூட, முன்நடத்தை விசாரணையில் அவ்வழக்கால் வேலையை இழக்க நேரிடலாம். ஒரு நிமிடச் சினம் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பை அழித்துவிடும். களத்தில் பழகிய கம்பு களத்திலேயே இருக்கட்டும். அநீதி நேர்ந்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்தறிந்து, நாள், இடம், சாட்சிகள் ஆகியவற்றை முறையாக எழுதிப் புகார் கொடுப்பதற்கும் துணிவு வேண்டும், நிதானமும் வேண்டும். அவ்விரண்டையும் பழக்குவதாலேயே சிலம்பம் நமக்கு வேண்டும் என்கிறேன். அடங்கிப் போவது வேறு, அடக்கம் வேறு. அடிக்கத் தெரியாதவன் ஒதுங்கினால் அது அச்சம். தெரிந்தவன் ஒதுங்கினால் அது ஆற்றல்.

நம் தெருக்களில் பறை முழங்கச் சிலம்பம் சுற்றிய பெரியவர்கள் உண்டு. பல ஊர்களில் அக்கலை ஆண்டுக்கொரு முறை திருவிழாவோடு முடிந்துவிடுகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உலகம் மதிக்கத் தொடங்கும் வேளையில் நாம் கைவிடுவது அறிவுடைமையாகாது.

எனவே சங்கத்தாரிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் இரவுப் பாடசாலைக்கு ஈடாக ஒரு காலைக் களம் வேண்டும். வளரும் பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்தை நாம் அமைத்துத் தருவோம். பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம இடம் வேண்டும். தனிவழியே பள்ளிக்கு நடந்து செல்லும் மகளுக்குத் துணிவு மகனைவிட அதிகம் தேவை. கற்பிக்கும் முதியவருக்கு உரிய ஊதியமும் மரியாதையும் அளிக்க வேண்டும். மது அருந்தியவனுக்கும் பாடம் படிக்காதவனுக்கும் களத்தில் இடமில்லை என்பது விதியாக இருக்கட்டும்.

பெற்றோர்களே, மகன் கம்பு எடுத்தால் முரடனாவான் என்று அஞ்ச வேண்டாம். காலையில் கம்பும் மாலையில் புத்தகமும் ஏந்தும் கைகள் எவர் முன்னும் கூனி நிற்கமாட்டா. எவரையும் வீணே தாக்கவும் மாட்டா. அத்தகைய தலைமுறையை உருவாக்குவதே இவ்வெள்ளி விழாவின் பயனாக அமையட்டும்.