வக்பு நிலமும் ஊர் நலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரெயில்வேயில் கணக்கெழுதிப் பழகியவன் நான். ஆதலின், ஓர் அறத்தின் வரவு செலவைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

நபிகள் நாயகத்தின் தோழர் உமர் அவர்கள், கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்செய்வதென வினவினார். நிலத்தை நிலையாக நிறுத்தி, விளைவை அறத்திற்கு ஈயுமாறு நாயகம் பணித்தார். அந்நிலத்தை விற்றலாகாது, பிறர்க்கு அளித்தலாகாது, வாரிசுகள் பங்கிடலாகாது. விளைவோ ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியது. இதுவே வக்பு.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலிலுள்ள 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துப் பிழார்ப்பள்ளி என்னும் பள்ளிவாசலுக்கு நிலம் விட்ட செய்தியைக் கூறுகின்றது. பள்ளிவாசல் நிலத்திற்குக் கோயிற் கல்லே சான்று!

நிற்க. விளைவின் கணக்கு என்ன? 2006-இல் சச்சார் குழு அளித்த அறிக்கையின்படி, இந்திய வக்பு நிலம் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர். ஆண்டு வருமானம் சுமார் 163 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: நகரத்துக் கட்டிடங்களையும் சேர்த்தே, ஏக்கருக்கு மூவாயிரம் ரூபாய்கூட இல்லை.

காரணங்கள் பல, ஒன்றை மட்டும் சொல்வேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டம், 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை செல்லாது என்றது. 2013-இல் கல்வி, மருத்துவம், வணிகம் ஆகியவற்றிற்கு 30 ஆண்டு வரை இடமளித்த பொழுதும், விளைநிலத்திற்கு 3 ஆண்டையே நிறுத்தியது. அவ்விதி தீயதன்று, நெடுங்குத்தகை நாளடைவில் சொந்தமாகிவிடும் என்னும் அச்சமே அதன் வேர். ஆயின் நம் பிச்சாட்டூர்ப் பக்கத்து உழவரைக் கேளுங்கள். ஒட்டு மாங்கன்று நன்கு காய்க்க நான்கைந்து ஆண்டு ஆகும். 3 ஆண்டில் வெளியேறுபவர் மா வைப்பாரா? கிணறுதான் வெட்டுவாரா? கடலை விதைத்து, கிடைத்ததை அள்ளிச் செல்வார். மண் இளைக்கும், ஏழையின் பங்கும் இளைக்கும்.

ஆதலின் கிணறும் மரமும் வக்பின் பொறுப்பாதல் வேண்டும். குத்தகைக்காரர் மாறுவர்; வக்பு மாறாது. வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் நிலத்திற்கே திருப்புக. கன்று வளரும் காலத்தில் ஊடுபயிர் செய்வாருக்கு 3 ஆண்டுக் குத்தகையே போதும். ஏலம் மறைவில் நடவாது, ஊரறிய நடக்கட்டும். நிலமற்ற உழவரும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கேட்க வழியிருக்கட்டும். முத்தவல்லி ஆண்டுக் கணக்கைப் பள்ளிவாசல் வாயிலில் எழுதி ஒட்டட்டும். கணக்கு வெளிப்படையாயின் ஆக்கிரமிப்போன் அஞ்சுவான்.

கிணற்று நீர் குடிப்பவரின் சமயத்தைக் கேட்பதில்லை. கொடுத்தவர் மறைந்தார்; கொடை நிற்கின்றது. அது வறண்டு நிற்காமல் ஊருக்குப் பயன்பட்டு நிற்கச் செய்வது நம் தலைமுறையின் கடன்.