பூக்குழியும் மூளையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆன்மிக அனுபவத்தை மூளையின் இயல்பூக்கங்களாலும் பழக்கத்தாலும் விளக்க முடியுமா என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். செய்தி வீட்டுக்கு எட்டியதும் என் பெரியப்பா, "தம்பி பல்கலைக்கழகம் போனது அம்மனை மண்டைக்குள் அடைக்கவோ?" என்று கேட்டார். அவர் இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆகவே மிகுந்த அடக்கத்துடனேயே தொடங்குகிறேன்.

உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் உடப்பில் ஆடி மாதத்துத் திரௌபதை அம்மன் திருவிழாவும் பூக்குழியும் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவை. சிறு வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தபோது எனக்கு ஒரே கேள்விதான்: கால் ஏன் வேகவில்லை?

இதற்குப் பௌதிகம் சொல்லும் விடை எளியது. பாண் போறணைக்குள் கையை விட்டால் உள்ளேயிருக்கும் காற்று உடனே சுட்டுவிடாது. அதே சூட்டில் இருக்கும் தகட்டைத் தொட்டால் கை வெந்துவிடும். மரத்தணல் அந்தக் காற்றைப் போல வெப்பத்தை மெதுவாகவே கடத்துவது. பாதம் ஒவ்வோர் அடியிலும் அதைத் தொடுவது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. 1935ஆம் ஆண்டு காஷ்மீரத்தைச் சேர்ந்த குதா பக்ஸ் என்பவர் இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் முன்னிலையில் தணலில் நடந்து காட்டினார். அவருக்கும் கால் வேகவில்லை.

ஆனால் சபையோரே, இது காலைப் பற்றிய விடை மட்டுமே. சூடு பட்டால் பின்வாங்குவது பிறவியிலேயே வந்த இயல்பூக்கம். கால் வேகாது என்று புத்தகத்தில் படித்தவனும் குழியின் ஓரத்தில் நின்றால் நடுங்குவான். அந்த நடுக்கத்தை வென்று, முகத்தில் சாந்தியோடு ஒருவர் நடக்கிறாரே, அது எப்படி?

இங்கே பழக்கம் வருகிறது. நான் படித்தது மிஷன் பாடசாலையில். காலை மணி அடித்து ஆர்மோனியம் ஒலித்தால் எழுந்து நிற்க வேண்டும். இன்றும் எங்காவது ஆர்மோனியம் கேட்டால், விபூதி பூசிய இந்த உடம்பு தானாக நிமிர்ந்துவிடுகிறது! மணியோசைக்கும் உணவுக்கும் தொடர்பு பழகிய நாய்க்கு, உணவு வராமலே வாயூறும் என்று ருஷிய அறிஞர் பாவ்லோவ் காட்டினார் அல்லவா? விரதம், ஈர வேட்டி, வேப்பிலை மணம், உடுக்கை, பாரதக் கதை எல்லாம் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வருகின்றன. கடைசி நாளில் உடுக்கை ஒலித்ததும் மயிர்க்கூச்செறிவதில் வியப்பென்ன? திருவிழாவை 18 நாளாக வகுத்தவர்கள் பாவ்லோவைப் படிக்கவில்லை. ஆனால் மனத்தைப் பழக்கும் வித்தையை அறிந்திருந்தார்கள்.

இன்னொன்று, நம் கடற்கரை மக்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு இல்லாவிட்டால் கயிறு கையை அறுக்கும். பாட்டு எழுந்தால் நோவு தெரிவதில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் படகு வலிக்கும் மாணவர்களைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தனியே துடுப்பு வலித்தபோதைவிடக் கூட்டாக ஒத்து வலித்தபின் அவர்கள் அதிக நோவைத் தாங்கினார்களாம். மூளையே சுரக்கும் அபின் போன்ற ஒரு பொருள் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

ஸ்பானிய தேசத்தில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்னும் சிற்றூரிலும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தணலில் நடக்கிறார்கள். அங்கே 38 பேரின் இதயத்துடிப்பைக் கருவி கொண்டு அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நடப்பவரின் துடிப்பும், சும்மா நின்று பார்த்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூராரிடம் அந்த ஒற்றுமை இல்லை. இதைப் படித்தபோது, அப்பா குழியில் இறங்குகையில் என் கையை இறுகப் பற்றியிருந்த அம்மாவின் விரல்கள்தாம் என் நினைவுக்கு வந்தன.

"அப்படியானால் அம்மன் எங்கே?" என்று பெரியப்பா கேட்பார். அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், ஓர் அனுபவம் உடம்பில் எப்படிப் பிறந்தது என்பதைக் கொண்டு அதன் மதிப்பை முடிவு செய்யலாகாது, அது தரும் பலனைக் கொண்டே மதிக்க வேண்டும் என்று 1902இல் வெளிவந்த நூலில் வாதித்தார். நமக்கோ இது புதிதல்ல. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் அந்தக்கரணங்கள், ஆன்மாவுக்கு வாய்த்த கருவிகள், தாமாக அறியாத சடப்பொருள்கள் என்பது சைவ சித்தாந்தம். கருவியின் வேலையை விஞ்ஞானி அளக்கிறார். அளக்கட்டும். கருவி யாருக்காக இயங்குகிறது என்பது அவருடைய மானியில் விழாது. விழுந்ததாக அவரும் சொல்லவில்லை.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஒரு கோயிலில், ஊர் பெயர் வேண்டாம், என் வயதுப் பையன் ஒருவன் குழியில் இறங்கிக் கால் வெந்து போனான். "விரதத்தில் குறை வைத்தான்" என்றார்கள். வீட்டுக்கு வந்து அவன் தாயிடமும் அதையே கேட்டார்கள். வெட்கத்தினால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காயம் சீழ்ப்பிடித்து, இரண்டு மாதம் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தான். அவன் விரதம் காத்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். தணலில் வேகாத கட்டை ஒன்று கிடந்திருக்கலாம். பாதத்தில் ஒரு கரி ஒட்டியிருக்கலாம். பயத்தில் ஒரு கணம் நின்றிருக்கலாம். பௌதிகத்தின் பிழைக்கு ஒரு பிள்ளையின் ஒழுக்கத்தைக் குற்றம் சாட்டியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கால் வேகாதவர் அனைவரும் தூயவர் என்றும் நான் நம்பத் தயாரில்லை. சிலரை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகையால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இவ்வருடம் குழிக்கு அப்பால் நல்ல தண்ணீரும் சுத்தமான துணியும் முதலுதவி தெரிந்த நான்கு இளைஞரும் இருக்க ஏற்பாடு செய்வோம். வெந்த காலைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் வைத்திருந்து, கேள்வி எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

இவ்வாடியில் நானும் காப்புக் கட்ட எண்ணியிருக்கிறேன். பெரியப்பாவிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை.