சரிவின் சொற்கள்



தமிழில் 'பனி' என்ற சொல்லுக்குச் சுமை அதிகம். விடியற்காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி. மார்கழியில் நுவரெலியாத் தெருக்களை மூடிக்கொள்வதும் பனி. சில வருடங்களில் தை மாத இரவுகளில் உறைந்து, தேயிலைத் தளிரைக் கருக்கிவிட்டுப் போவதும் பனிதான். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதையும் நாம் பனி என்றே சொல்லுகிறோம். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். அவர் கருதிய பனி, கம்பளி போர்த்தினால் தாங்கக்கூடிய பனி. வெண்பனி மூடிய நிலம் நமது ஐந்திணைக்குள் இல்லை.

எண்பதுகளுக்குப் பின்னர் நம்மவர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்று எழுதத் தொடங்கியபோதுதான் அந்த நிலம் தமிழுக்குள் பரவலாக வந்து சேர்ந்தது. இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் 1994இல் தொகுத்தளித்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதியின் பெயர் 'பனியும் பனையும்'. அழகான பெயர். ஆனால் அந்தப் பெயரில் தேயிலைக்கு இடமில்லை என்பதை மலையகத்தில் இருந்து வாசிக்கின்ற ஒருவன் கவனிக்காமல் இருக்க முடியாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, அந்த வெண்பனிச் சரிவில் வாழும் ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றி. ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் விளையாட்டை நேயர்கள் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். ஸ்னோபோர்ட் என்பார்கள். 1965ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பன் என்பவர் தம் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காகப் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். கடலலையில் பலகையேறிச் செல்வது போலப் பனியில் செல்லலாம் என்பதே எண்ணம். அந்த விளையாட்டுப் பொருளிலிருந்து வளர்ந்ததுதான் இது.

இதிலே ஒரு கிளை உண்டு. அதைச் சேர்ந்தவர்கள் பாய்ந்து குத்துக்கரணம் போடுவதில்லை. விறைப்பான பிளாஸ்டிக் சப்பாத்து அணிந்து, ஒடுங்கிய நீண்ட பலகையில், கால்களை ஏறக்குறைய முன்னோக்கி வைத்து நிற்பார்கள். பந்தயப் பலகையின் நீளம் ஏறத்தாழ ஓர் ஆளுயரம். இடையின் அகலமோ சுமார் 20 சென்ரிமீற்றர்தான். இரு பக்கமும் உள்வளைந்த அந்தப் பலகையை ஓரத்தில் சாய்த்தால் அது வில்லாக வளைந்து, தன் வளைவிலேயே திரும்பும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்குத் திருப்பம் இறுகும்.

சாதாரணமாக இறங்குபவர் திரும்பும்போது பலகையின் வால் பக்கவாட்டில் இழுபட்டுப் பனியைச் சுரண்டும். இவர்கள் திரும்பும்போது பலகையின் தலை கிழித்த கோட்டிலேயே வாலும் வந்து போகும். பின்னால் திரும்பிப் பார்த்தால், வெள்ளைத் தாளில் கூரிய பென்சிலால் இழுத்தது போல ஒரு வளைகோடு மட்டும் கிடக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'செதுக்குதல்'. இவர்களிற் சிலர் உடம்பு முழுவதும் பனியைத் தொடும்படி படுத்துத் திரும்புவார்கள். பிரான்ஸ் தேசத்து வீரர் ஒருவரின் பெயரால் அதனை 'விற்றெல்லித் திருப்பம்' என்கிறார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இந்த வகைக்கு நல்ல மதிப்பு இருந்தது. பிறகு காலம் மாறியது. இளைஞர் மென்மையான சப்பாத்துக்கும் பாய்ச்சலுக்கும் போனார்கள். பெரிய கம்பனிகள் இந்தப் பலகைகளைச் செய்வதைக் கைவிட்டன. சுவிட்சர்லாந்தின் கெஸ்லர், அமெரிக்காவின் டொனெக் போன்ற சிறு தயாரிப்பாளர்களே பெரும்பாலும் இன்று கைகொடுக்கிறார்கள். மலைக்கு வருகிற ஆயிரம் பேரில் இவர்கள் ஒருவரோ இருவரோ. அதனாலேயே ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கிறார்கள். வருடத்துக்கொருமுறை ஏதாவதொரு மலையூரில் கூடுகிறார்கள். ஒருவர் பலகையை மற்றவருக்குக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுகிறார்கள். இயந்திரம் சீவிவிட்ட பனி குலையுமுன், விடியலின் முதல் தொங்கு நாற்காலியில் ஏறி மேலே போய்விட வேண்டுமென்பது அவர்களுடைய ஒழுக்கம். ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நின்ற பரம்பரைக்கு இந்த விடியல் அவசரம் விளங்காமற் போகாது.

இந்தக் கலைக்காக நாட்டையே மாற்றிக்கொண்டவரும் உண்டு. விக் வைல்ட் என்பவர் அமெரிக்கர். 2010ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குப் பின்னர் அவருடைய நாட்டுச் சங்கம் இந்தக் கிளைக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2011இல் அவர் இதே விளையாட்டின் ரஷ்ய வீராங்கனை அலியோனா சவார்சினாவை மணந்தார், ரஷ்யப் பிரஜையானார். 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். முதல் தங்கத்தை அவர் வென்ற அதே நாளில் மனைவிக்கு வெண்கலம் கிடைத்தது. 2018இல் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கிலே செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா, இரட்டைக் கட்டைச் சறுக்கலில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்று, ஒரு வாரத்தில் இந்தப் பலகையிலும் தங்கம் வென்றார். 1998இல் நகானோவில் பெண்களுக்கான முதல் தங்கத்தைப் பெற்ற பிரான்சின் கரீன் ரூபி, பின்னர் மலை வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், 2009இல் மொன் பிளாங் மலைத்தொடரில் விழுந்து இறந்தார். மலை எவரிடமும் கடன் வைப்பதில்லை.

நேயர்களே, தேயிலை மலையில் இருந்துகொண்டு இந்த வாத்தியார் எதற்காகப் பனிமலைக் கதை பேசுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இந்தச் செதுக்குச் சறுக்கலின் படத்துண்டு ஒன்றைத் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார். தோட்டத்துக்குப் போயிருந்தபோது அதை என் பெரியம்மாவிடம் காட்டினேன். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பனியை அவர் கண்டதில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். "நேரா எறங்கல பாத்தியா, தம்பி? குறுக்கால வெட்டி வெட்டித்தான் எறங்குறான். நேரா எறங்குனா முட்டி போயிரும்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். பயிற்சியாளர் பல நாட்களில் கற்பிப்பதை அவர் இரண்டு பார்வையில் சொல்லிவிட்டார். சரிவை நேரே எதிர்க்கக்கூடாது. குறுக்கே வளைந்து அதன் வேகத்தை வாங்க வேண்டும். மழையில் வழுக்கும் மலையில், முதுகில் கூடைப் பாரத்தோடு, நிரை விட்டு நிரை இறங்கிய கால் அது. அந்தக் கால் படித்த பாடத்தைக் கண் அடையாளம் கண்டுகொண்டது.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னை இன்றுவரை விடவில்லை. "இதுக்கு எத்தன பேரு போடுவாங்க?"

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். முழு நாள் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் போடாமல், பிறகு மேலே ஏறுவதற்காகவே ஒருவன் கீழே இறங்குவான் என்பது அவருக்குப் புரியவில்லை. அதைக் கேட்டு நான் சிரித்திருக்கக்கூடாது, சிரித்துவிட்டேன். சரிவு ஒருவனுக்கு ஆனந்தமாகவும் இன்னொருத்திக்கு அரைப் பேராகவும் இருப்பதிலே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் தம் கலைக்காக நாட்டை மாற்றிக்கொண்டார் என்று சற்றுமுன் வியந்து சொன்னேன். இந்தச் சரிவுகளைக் காடு வெட்டிக் கான் வெட்டி உண்டாக்கியவர்களின் பிள்ளைகளுக்கோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடே இல்லையென்றது. 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மக்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகையால் இரண்டு சரிவுகளும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் பெரியம்மாவின் முழங்கால் என்னை மன்னிக்காது.

ஆனால் ஒன்றை அந்தப் பனிமலைக் கூட்டத்தாரிடமிருந்து நாம் கற்கலாம். அவர்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. இருந்தும் தங்கள் வித்தையின் ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். விளிம்பின் கோணத்துக்கு ஒரு சொல், பனியின் பதத்துக்கு ஒரு சொல், தவறிய திருப்பத்துக்கு ஒரு சொல். புதிதாக வருபவனுக்கு அந்தச் சொற்களைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். சொல் போனால் வித்தையும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் சொல் இல்லையா? நிரை, கான், கவ்வாத்து, முள்ளுக்குத்து, மட்டக்கம்பு, கொங்காணி, படங்கு, பிரட்டு என்று ஒரு தனி அகராதிக்கே சொல் இருக்கிறது. மட்டக்கம்பு என்றால் செடியின் தலையைச் சமமாக வைத்துக்கொள்ள, கொழுந்து எடுப்பவர் மேலே கிடத்திப் பார்க்கும் கோல். இந்தச் சொல்லை எத்தனை பாடநூல்களில் கண்டிருக்கிறோம்? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அந்தச் செடியை வெட்டி வளர்த்தவர்களின் சொற்களை அவர்கள் வீட்டிலேயே மறந்துகொண்டிருக்கிறார்கள். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்திராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று இருக்கும்? பாட்டுக்கு ஒரு சி.வி. கிடைத்தார். தொழிற்சொல்லுக்கு அப்படியொருவர் இன்னும் வேண்டும்.

இளைஞர்கள் கொழும்புக்குக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். போகட்டும். அரைப் பேரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமென்று எவரும் கேட்க முடியாது. கூடை முதுகை விட்டு இறங்குவது நல்லதே. ஆனால் கூடையோடு சேர்த்துச் சொல்லையும் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டுக் கிழவியிடமிருந்து ஆளுக்கு இருபது சொல் எழுதிவர வேண்டும். பொருளும் எழுத வேண்டும். அந்தச் சொல்லை அவர் எங்கே நின்று சொன்னார் என்பதையும் எழுத வேண்டும்.

பெரியம்மாவிடம் நானும் எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன். பதினேழாவது சொல்லில் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எழுதி என்ன செய்யப்போற, தம்பி?" என்று கேட்டார். "பேர் போடப்போறேன், பெரியம்மா" என்றேன். இம்முறை சிரித்தவர் அவர்.